குறுக்கே முப்பது மீட்டர்

மார்ச் 3

அண்ணனுக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. போன் செய்தால் உன் குரலைக் கேட்க வேண்டியிருக்கும். இப்போது எனக்கு அந்தத் தெம்பு இல்லை, அதனால்தான் கடிதம்.

நம் வீட்டுக் கிணறு நாறுகிறது. 'வாடை வருகிறது' என்று கௌரவமாக எழுத நினைத்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை. நாறுகிறது. முதலில் கயிறு வழவழவென்று ஆனது. இறைத்த கையை முகர்ந்து பார்த்துவிட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. பிறகு வாளியில் நுரை கட்டியது. நேற்று குடத்தின் அடியில் வெள்ளையாக ஒரு நூல் துண்டு கிடந்தது. தையல்காரி வீட்டில் நூல் கிடப்பது அதிசயமில்லையே, விரலால் எடுக்கப் போனேன். அது நெளிந்தது. குடத்தை அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டேன். இன்னமும் அந்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் ஒரு டாக்டரம்மாவுக்கு வெள்ளைக் கோட் தைத்து, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னம்மா, இதை எங்க வச்சுத் தேய்ச்சீங்க?" என்று கேட்டார். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

காரணம் எனக்குத் தெரியும். நம் பக்கத்துப் பேக்கரிக்கு அந்தப் பக்கம் புதிதாக எழுந்த மூன்று மாடிக் குடியிருப்பு. பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே செப்டிக் டேங்க். நகராட்சிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பிளானை விரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். "தூரமெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. நீங்க சந்தேகம் கேக்கணும்னா வெளிய போகவே வேணாம், கையெழுத்தைப் பாருங்க" என்று சிரித்தார். கீழே உன் கையெழுத்து. இந்த ஊரைவிட்டு மாற்றலாகிப் போவதற்கு முன்னால் போட்டது.

அதைப் பார்த்ததும் குடத்துக்குள் பார்த்தபோது வந்த அதே குமட்டல் வந்தது. அப்பா தோண்டிய கிணறு இது. அதற்குப் பக்கத்தில் பன்னிரண்டு வீட்டு மலத்தை நிரப்பச் சொல்லி நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். சொல், எப்படிப் போட்டாய்?

உன் தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். நானும் கோபப்பட்டால் கணக்கு தப்பும், அதனால் நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே முப்பத்தைந்து மீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறுகிறவன் இல்லை. என் கை நோட்டில் எல்லாம் இருக்கிறது. நம் தெரு வரைபடத்தில் தெருமுனை விளக்குக் கம்பம்தான் பூச்சியம். அங்கிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு புள்ளியையும் குறிப்போம். நம் கிணறு கிழக்கே 12, வடக்கே 8. அவர்கள் டேங்க் கிழக்கே 36, வடக்கே 26. வித்தியாசம் கிழக்கில் 24, வடக்கில் 18. ஆக மொத்தம் 42. விதி கேட்பதைவிட ஏழு மீட்டர் அதிகம்.

ஆகவே நாற்றத்துக்குக் காரணம் வேறு. எலி விழுந்திருக்கலாம். கிணற்றைத் தூர் வாரி எத்தனை வருஷம் ஆகிறது? மாப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் லாரியில் போய்விடுகிறார், நீ தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாய். வீட்டை யார் பார்க்கிறார்கள்?

சின்ன வயதிலிருந்தே உனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். ஒரு தலைமுடி விழுந்ததற்காக ஒரு பானைக் குழம்பையே கொட்டியவள் நீ. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் உன் கடிதத்தைப் படித்தேன்.

அண்ணன்


மார்ச் 27

அண்ணனுக்கு,

உன் மருமகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மஞ்சள் காமாலை. எட்டு வயசுக் குழந்தையின் கண் வெள்ளை முழுக்க மஞ்சளாகிக் கிடக்கிறது. எது கொடுத்தாலும் வாந்தி. எனக்கு அருவருப்பு அதிகம் என்றாயே, நாலு நாளாக அவள் வாந்தியை என் இரண்டு கையால் ஏந்திக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு அருவருப்பும் வரவில்லை. உன் கடிதத்தைத் தொட்ட பிறகுதான் கை கழுவ வேண்டும் போலிருந்தது.

எலியும் இல்லை, பூனையும் இல்லை. ஆள் இறக்கித் தூர் வாரிவிட்டேன். இறங்கியவன் பாதியிலேயே மேலே வந்து வேலியோரமாக ஓங்கரித்தான். "அக்கா, இது கெணறு இல்லக்கா, கக்கூஸு" என்றான்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அந்தக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. அளவெடுக்கப் போகிற சாக்கில் பையில் ஒரு பாட்டில் கொண்டு போனேன். பாட்டில் நிறைய கரைத்த சிவப்புத் துணிச்சாயம். "கொஞ்சம் பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்" என்று போய் முழுசையும் ஊற்றித் தண்ணீர் விட்டேன். வெளியே வரும்போது கை சிவப்பு. "மருதாணியா?" என்று அந்தம்மா கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஒன்பதாம் நாள் நம் கிணற்றில் இறைத்த தண்ணீர் ரோஜா நிறத்தில் வந்தது. அவர்கள் வீட்டுக் கக்கூஸில் ஊற்றியது என் வாளியில் வந்து நிற்கிறது. இதற்கும் எலியைத்தான் சொல்வாயா?

அந்த வாளியை அப்படியே நகராட்சிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாயமெல்லாம் சாட்சி ஆவாதும்மா. பேப்பர்ல நாப்பத்திரண்டு இருக்கு. பேப்பர் எழுதினவரு தப்புன்னு எழுதிக் குடுத்தா டேங்கை இடிக்கச் சொல்றேன்" என்றார். நடுவில் பேக்கரிக் கட்டடம் இருப்பதால் டேப் பிடித்து அளக்கவும் முடியாதாம்.

சரி, நானே அளக்கிறேன் என்று உட்கார்ந்தேன். நான் துணி வெட்டுவதற்கு முன் கட்டம் போட்ட தாளில் அளவு வரைகிறவள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். நீ எழுதியபடியே கிழக்கே 12, வடக்கே 8, ஒரு புள்ளி. கிழக்கே 36, வடக்கே 26, இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே என் டேப்பை நேராக வைத்தேன். முப்பது. திருப்பி வைத்தேன். முப்பது. தாளைச் சுருட்டி வீசிவிட்டுப் புதுத் தாளில் வரைந்தேன். அதே முப்பதுதான்.

பேக்கரியைச் சுற்றித் தெருவோடு நடந்து போனால் உன் நாற்பத்திரண்டு வரலாம். மண்ணுக்கு அடியில் வருகிற அசிங்கம் எதற்காகச் சுற்றி வரப் போகிறது? துணியைக் குறுக்கே வெட்டினால் எவ்வளவு வரும் என்று என் கடையில் காஜா எடுக்கிற பெண்ணுக்குத் தெரியும். உனக்கு எப்படித் தெரியாமல் போனது?

எழுதிக் கொடு. இனி வேறெதுவும் எழுதாதே.

உன் தங்கை


ஏப்ரல் 4

தங்கைக்கு,

குழந்தை எப்படி இருக்கிறாள்? இதை முதலில் கேட்டுவிட வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கணக்குப் போட்டேன். 24-ஐ 24-ஆல் பெருக்கினால் 576. 18-ஐ 18-ஆல் பெருக்கினால் 324. இரண்டையும் கூட்டினால் 900. அதன் வர்க்கமூலம் 30. உன் டேப் சொன்னதுதான் சரி. விதிக்கு ஐந்து மீட்டர் குறைவு.

இது எனக்குத் தெரியாத கணக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவன் நான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் வரைந்தேன். குழாய் தெருவோடு போகும், முனையில் திரும்பும். அங்கே தூரம் என்றால் எத்தனை மீட்டர் குழாய் வேண்டும் என்பதுதான். கிழக்கு எவ்வளவு, வடக்கு எவ்வளவு, கூட்டு, எழுது. அது கையில் ஊறிவிட்டது. பிளான் பிரிவுக்கு மாற்றினார்கள். மேஜைதான் மாறியது, நான் பழைய கூட்டலையே போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே கையெழுத்துப் போட்டவர்கள் கட்டத்தில் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

சீ என்று இருக்கிறது எனக்கு. உன் முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலை நினைத்தால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

இனி எழுதப் போவதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. பிளான் பிரிவில் இருந்த நாலு வருஷத்தில் நான் பார்த்த பிளான்கள் அறுபத்தொன்று. கை நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நம்முடையதையும் சேர்த்துப் பத்தொன்பது தப்பு. பள்ளிக்கூடத்துப் பின் தெருவில் மட்டும் நாலு. நம் கிணற்றைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தால், மற்றதையெல்லாம் தோண்டி எடுப்பார்கள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது. இந்த வயதில் விசாரணை, பத்திரிகை, ஆபீஸில் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பது, எனக்கு அது தாங்காது.

குடியிருப்பு கட்டியவரிடம் பேசிவிட்டேன். உன் சாயக் கதையைச் சொன்னதும் பயந்துவிட்டார். டேங்கை அவர் மனையின் பின் மூலைக்கு மாற்றச் சம்மதித்திருக்கிறார். கிழக்கே 42, வடக்கே 32. இந்தத் தடவை ஒழுங்காகப் போட்டேன், குறுக்கே முப்பத்தெட்டு மீட்டருக்கு மேல் வருகிறது. 'பழுது பார்ப்பு' என்று காகிதம் போட்டுக்கொள்வார். தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பதிலுக்கு நீ நகராட்சிப் படி ஏறக் கூடாது.

உன் கிணறு சரியாகிவிடும். கொஞ்சம் எனக்காகப் பார்.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணனுக்கு,

தோண்டச் சொல்.

குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். தெருக் குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, காய்ச்சிக் கொடுக்கிறேன். கிணறு சரியாகட்டும், எனக்கு அது போதும். நான் எங்கும் போய் எதுவும் பேச மாட்டேன்.


ஏப்ரல் 24

அண்ணனுக்கு,

போன கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டேன். நீ கவனித்தாயா தெரியாது. போடக் கூசியது.

நேற்று குழந்தையை மறுபடி காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்பது படுக்கை உள்ள வார்டில் ஆறு குழந்தைகளுக்கு மஞ்சள் கண். என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் மூன்று வயசுப் பையன். அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவள் சொல்கிறாள்: "எங்க கெணத்துத் தண்ணி நாறுதுங்க. போய்ச் சொன்னா பேப்பர்ல எல்லாம் சரியா இருக்குன்றாங்க. என் வீட்டுக்காரர் எனக்குத்தான் மூக்குல ஏதோ கோளாறுன்றார்."

எந்தத் தெரு என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பின் தெரு.

அவளுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காய்ச்சிக் குடிங்க" என்றேன். அவ்வளவுதான். உன் கடிதம் என் பைக்குள் இருந்தது. அதில் அவள் தெரு எழுதியிருந்தது. காய்ச்சிக் குடிங்க என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது நம்புறீங்களே" என்றாள். எனக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது. வாசல்வரைகூட வர முடியவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். என் வாயே எனக்கு நாறியது அண்ணா. அந்தக் கிணறுகூட அப்படி நாறியதில்லை.

நீ தப்பாகக் கணக்குப் போட்டபோது உனக்குத் தெரியாது. பழக்கத்தில் போட்டாய், மடத்தனம் என்று விட்டுவிடலாம். இப்போது நம் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பையனை அதைக் குடிக்க விடுகிறோம். இதற்கு என்ன பேர்?

இங்கே ஆள் வைத்துப் புதுக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மண்வெட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. நான் சம்மதித்தது தப்பு. சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பத்தொன்பதையும் எழுதிக் கொடு. இந்த மாதம் முடிவதற்குள் நீ கொடுக்காவிட்டால் உன் ஏப்ரல் நாலாம் தேதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சுகாதார ஆய்வாளரிடம் போவேன். மிரட்டலா என்று கேட்பாய். ஆமாம், மிரட்டல்தான். அதைக் கொடுக்கப் போகும் வழியில் அழுவேன். ஆனால் கொடுத்துவிடுவேன்.

உன் தங்கை


மே 6

தங்கைக்கு,

உன் மிரட்டலைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவளே குழி பறிக்கிறாள் என்று சத்தமாகவே சொன்னேன். வீட்டில் கேட்க யாரும் இல்லை. மூன்றாம் நாள் குடிக்கத் தண்ணீர் எடுத்தேன், சுத்தமான குழாய்த் தண்ணீர்தான், தம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போய் முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. மத்தியானமும் முடியவில்லை.

ஏப்ரல் 29 அன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பது இடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள், நான் அன்று எழுதிய தூரம், உண்மையான தூரம். ஒன்றில் முப்பத்தாறு என்று எழுதியிருந்தேன், குறுக்கே இருபத்தாறுதான் வந்தது. அதை எழுதும்போது பேனா பிடித்திருந்த விரலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இங்கே என் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ரெண்டே வருஷம் சார். எதுக்கு மூடிக் கெடக்கறதைத் தொறக்கறீங்க? நாத்தம் உங்க மேலதான் ஒட்டும்" என்றார். ஏற்கெனவே ஒட்டித்தான் இருக்கிறது என்று சொன்னேன். மறுநாளே தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. என் மேஜை டிராயரை நான் காலி செய்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷமாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட இங்கே இல்லை, எல்லோரும் உன் ஊர் ஆபீஸில். அவர்கள் போனை எடுப்பதில்லை.

இன்னொன்று. குடியிருப்பு கட்டியவர் வேலையை நிறுத்திவிட்டாராம். 'பேச்சு மீறிவிட்டீர்கள், விசாரணை முடியட்டும், உத்தரவு வந்தால் பார்க்கலாம்' என்கிறார். உன் கிணற்றுக்குக் கிடைக்க இருந்ததும் போயிற்று. மற்ற பதினெட்டுப் பேரோடு நீயும் வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு நான்தான் காரணம், மறுபடியும்.

எனக்கு இங்கே இனி ஒரு வேலையும் இல்லை. நான் அங்கே வரட்டுமா? வேண்டாம் என்றால் எழுது, வர மாட்டேன்.

அண்ணன்


மே 12

அண்ணனுக்கு,

புதுக் குழி பாதியில் நிற்கிறது. மழைத் தண்ணீர் தேங்கி, மேலே பச்சையாக ஆடை படிந்து, கொசு மொய்க்கிறது. பழைய டேங்க் தன் வேலையைக் குறையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. நான் விடிவதற்குள் எழுந்து தெருக் குழாயில் எட்டுக் குடம் பிடிக்கிறேன். தோள்பட்டை விட்டுப் போகிறது. நீ எழுதிக் கொடுத்ததற்காக உன்னை மெச்சுவேன் என்று எதிர்பார்க்காதே. பாதி தூரம் உன்னைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நான், நானே என்னை மெச்சிக்கொள்ள முடியாத நிலைமையில் இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் பின் தெருவுக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அன்றைக்குப் பைக்குள் கடிதம் இருந்ததையும். பையன் பிழைத்துவிட்டான். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

உன் மருமகள் கண் வெளுத்துவிட்டது. நேற்று இட்லி கேட்டாள். நானே எதிர்பார்க்கவில்லை, அடுப்பங்கரையில் நின்று அழுதேன்.

நீ வருவதென்றால் வா. ஆனால் நேரே வீட்டுக்கு வராதே. உன் கை நோட்டை எடுத்துக்கொண்டு வா. மற்ற பதினெட்டு வீட்டுக்கும் போகிறோம். உத்தரவு எப்போது வருமோ தெரியாது, அதுவரை அவர்கள் அதைக் குடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாளி இறைக்கச் சொல். உன்னைக் குடிக்கச் சொல்லவில்லை. குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டு போய், அவர்கள் கண் முன்னால் மூச்சை ஒரு தடவை இழு. அப்புறம் சொல், இதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான் என்று. சில பேர் திட்டுவார்கள். யாராவது அந்த வாளியையே உன் தலையில் கவிழ்க்கலாம். நான் உன்னோடு வருவேன். உனக்காகப் பேச மாட்டேன், பக்கத்தில் நிற்பேன்.

எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்குப் போகலாம். அன்றைக்குப் பத்துக் குடமாகப் பிடித்து வைக்கிறேன், கூட இரண்டு குடம் நீ குளிக்க. பாசத்தில் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த நாற்றத்தோடு நீ என் குழந்தையைத் தூக்கக் கூடாது.

உன் தங்கை